1838 என்று எழுதியிருக்கும் வண்ணச் செடார் பெட்டி: உண்மையில் என்ன வயது, என்ன விலை சொல்லலாம்?

#1 பரண்வாசி

எல்லோருக்கும் வணக்கம். பழைய சாமான் வாங்கி விற்பதில் நான் புதியவன். இதுவரை நாற்காலி, மேசை விளக்கு என்று சின்னச் சின்னதாகத்தான் செய்திருக்கிறேன். போன சனிக்கிழமை பென்சில்வேனியாவில் ஒரு எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனை) இந்தப் பெட்டியைப் பார்த்தேன், விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. 85 டாலர் கொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டேன்.

நீளம் 47 அங்குலம், அகலம் 19, உயரம் 23. வெளியே முழுக்க மங்கிய பச்சை. முகப்பில் வளைவு வைத்த மூன்று கட்டங்கள். ஓரக் கட்டங்கள் இரண்டிலும் சாடியிலிருந்து கிளம்பும் சிவப்பு டியூலிப் பூக்கள். நடுக்கட்டத்தில் எதிரெதிராக இரண்டு பறவைகள், நடுவே ஓர் இதயம், அதன் கீழே 1838. உள்ளே பெயின்ட் கிடையாது, செந்நிற மரம் அப்படியே இருக்கிறது. மூடியைத் திறந்தால் அப்போதுதான் சீவிய பென்சில் வாசனை. மூடியின் உள்பக்கம் பூப்போட்ட எண்ணெய்த்துணி ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

விற்றவர் "இது ஜெர்மன் குடியேறிகள் செய்த கல்யாணப் பெட்டி" என்றார். தேடிப் பார்த்தால் அந்த மாதிரிப் பெட்டிகள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயிருக்கின்றன. 1,800 டாலர் என்று போடலாமா? பச்சை இரண்டு மூன்று இடத்தில் உரிந்திருக்கிறது, லேசாகத் தேய்த்து மேலே வார்னிஷ் அடித்தால் இன்னும் எடுப்பாக இருக்குமா?

#2 மரத்தூள்

தம்பி, முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். வார்னிஷும் வேண்டாம், தண்ணீர் விட்டுத் துடைக்கவும் வேண்டாம். இப்போதைக்கு உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

1838 என்பது பெயின்டில் எழுதிய ஓர் எண். எழுதியவர் என்றைக்கு எழுதினார் என்பதை அது சொல்லாது. இந்த மாதிரிச் சாமானில் மூன்று வயது இருக்கும்: மரவேலைக்கு ஒன்று, கீல் பூட்டுக்கு ஒன்று, மேலே இருக்கும் வண்ணத்துக்கு ஒன்று. மூன்றும் ஒத்துப் போனால் ஒரு விலை, போகாவிட்டால் வேறு விலை. அதனால் விலையைக் கொஞ்சம் ஒத்தி வைத்துவிட்டு இந்தப் படங்களைப் போடுங்கள். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகை முழுதும், பின்பக்கம், ஒரு மூலையின் இணைப்பு கிட்டத்தில், கீலும் அதன் திருகாணித் தலைகளும், பூட்டு. படத்தில் விழாததையும் எழுதுங்கள். அடியில் முத்திரை, எண், பென்சில் கிறுக்கல் எது இருந்தாலும் விட வேண்டாம்.

#3 சந்தைக்கூடை

மரத்தூள் அண்ணா கேட்டதோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய பென்சில்வேனியா ஜெர்மன் பெட்டிகள் பெரும்பாலும் டியூலிப் பாப்லர் அல்லது பைன் மரம். மூலைகளில் கையால் வெட்டிய புறாவால் இணைப்பு (புறா வால் வடிவில் வெட்டிய பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தது), கொல்லர் அடித்த நீளமான இரும்புக் கீல். உள்ளே பென்சில் வாசனை என்று நீங்கள் எழுதியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் உற்சாகத்தைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை, 1,800 என்று விளம்பரம் போட்ட பிறகு தெரிந்தால் இன்னும் வருத்தமாக இருக்கும்.

#4 பரண்வாசி

நன்றி. படங்கள் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ஒரு போர்வையை விரித்து அதன்மேல் கவிழ்த்தோம், நல்ல கனம்.

அடிப்பலகையில் கறுப்பு மையில் 740370 என்று முத்திரை. வேறு எழுத்து எதுவும் இல்லை. பின்பக்கப் பலகையின் ஓரத்தைப் பார்த்தால் அடுக்கு அடுக்காகத் தெரிகிறது, ஒட்டுப்பலகை என்று நினைக்கிறேன். கீலில் இருப்பவை எல்லாம் ஸ்டார் திருகாணிகள். முகப்பில் அழுத்தினால் திறக்கும் வட்டப் பொத்தான் பூட்டு ஒன்று இருக்கிறது, அதன் விளிம்பிலும் பச்சை படிந்திருக்கிறது. மூலையில் புறாவால் எதுவும் தெரியவில்லை.

#5 புதுவரவு

எண் 74 என்று தொடங்குகிறதே, 1974 ஆக இருக்குமோ?

#6 மரத்தூள்

நல்ல ஊகம், ஆனால் இந்த எண்ணைத் திருப்பிப் படிக்க வேண்டும். 740370 என்பதைக் கடைசியிலிருந்து எழுதுங்கள்: 073047. அமெரிக்க முறையில் மாதம், நாள், ஆண்டு. 1947 ஜூலை 30. நேராகப் படித்தால் 74, 03, 70 என்று எந்தத் தேதியும் வராது.

இப்படி எண்ணைத் திருப்பி முத்திரை குத்தியது லேன் கம்பெனி. வர்ஜீனியா மாநிலம் ஆல்டவிஸ்டாவில் 1912-ல் தொடங்கினார்கள். அமெரிக்காவில் செடார் பெட்டி என்றதும் பலர் மனதில் வருவது அவர்கள் பெயர்தான். சில பெட்டிகளில் எண்ணின் முன்னால் ஓர் இலக்கம் கூடுதலாக இருக்கும், அது தேதியில் சேராது. உங்களுடையதில் ஆறு இலக்கம் மட்டும் என்பதால் குழப்பம் இல்லை.

ஆனால் ஓர் எண்ணை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது, மற்ற சாட்சிகளும் ஒத்து வருகின்றனவா பார்ப்போம். ஒட்டுப்பலகைப் பின்புறம் 1838-ல் நடக்காத காரியம், 1947-க்குச் சரி. ஸ்டார் திருகாணி 1930-களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆனாலும் அதை வைத்துப் பெட்டியின் வயதைச் சொல்லிவிடக் கூடாது, கீலை யாராவது பின்னால் மாற்றியிருக்கலாம். அழுத்துப் பொத்தான் பூட்டு லேன் பெட்டிகளில் சாதாரணம். இனி அந்த எண்ணெய்த்துணியின் ஒரு மூலையை மட்டும் மெல்ல விலக்கிப் பாருங்கள். மூடியின் உள்பக்கத்தில்தான் கம்பெனிப் பெயரைச் சூட்டுக்கோலால் பதித்திருப்பார்கள்.

செடார் என்கிறோமே, இது உண்மையில் ஜூனிப்பர் இனம். கிழக்கு அமெரிக்கச் செஞ்செடார். ஒரு காலத்தில் பென்சிலுக்கு வெட்டியதும் இதே மரம்தான், உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

#7 பரண்வாசி

துணியின் பசை காய்ந்து போயிருந்தது, தானாகவே விலகி வந்தது. அடியில் பழுப்பாகச் சுட்ட எழுத்தில் லேன் என்று தெளிவாக இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், நேற்று இரவு தூக்கம் வரவில்லை. 1838 என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். 109 வருடம் ஒரே நாளில் போய்விட்டது. அப்படியானால் இந்தப் பூவும் பறவையும் ஏமாற்று வேலையா? யாரோ கம்பெனிப் பெட்டிக்குப் பெயின்ட் அடித்துப் பழையது என்று விற்றிருக்கிறார்களா?

#8 தூரிகை

ஏமாற்று என்று அவசரப்பட வேண்டாம், பரண்வாசி. ஏமாற்ற நினைத்தவர் அடியில் இருக்கும் எண்ணை விட்டு வைத்திருக்க மாட்டார், பொத்தான் பூட்டையும் கழற்றியிருப்பார். வாங்குபவர் முதலில் கவிழ்த்துப் பார்க்கும் இடம் அடிப்பலகைதான்.

உங்கள் முகப்பின் அமைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. வளைவுக் கட்டம், சாடி, டியூலிப் எல்லாம் பென்சில்வேனியா லெபனான் கவுன்டியில் ஜோன்ஸ்டவுன் பக்கத்துப் பெட்டிகளின் அடையாளம். கிறிஸ்டியன் செல்ட்சர் (1749–1831) வரைந்தவை அவற்றில் பேர் போனவை. டெலவேரில் உள்ள வின்டர்தர் அருங்காட்சியகத்தில் பென்சில்வேனியா ஜெர்மன் சாமான்கள் நிறைய இருக்கின்றன, போய்ப் பார்க்க வேண்டிய இடம். 20-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாணியை வீட்டிலேயே வரைந்து பார்ப்பது பரவலான ஆசையாக இருந்தது. வடிவத்தோடு பழைய ஆண்டையும் சேர்த்து எழுதிவிடுவார்கள், அதில் வஞ்சகம் ஏதும் இல்லை.

இப்போது வண்ணத்தின் வயதுக்கு வருவோம். நான்கு வேலை செய்யுங்கள்.

ஒரு கீலைக் கழற்றி அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வண்ணம் கீலுக்கு அடியிலும் ஓடுகிறதா, கீலின் ஓரத்தில் நின்றுவிடுகிறதா? அப்புறம் மூடியின் மேற்பரப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். இருட்டறையில் டார்ச்சைப் பலகையோடு படுக்க வைத்துப் பிடித்தால் கீறல்கள் எழுந்து நிற்கும். கீறல் வண்ணத்தை வெட்டிக்கொண்டு போகிறதா, வண்ணம் கீறலுக்குள் இறங்கியிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, யாருக்கும் தெரியாத இடத்தில், பின்பக்கக் கீழ்மூலை மாதிரி, பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஒரே ஒரு முறை உருட்டுங்கள். தண்ணீரில் கரைத்து அடிக்கும் இக்கால லேடெக்ஸ் பெயின்ட் இளகிப் பஞ்சில் ஏறும். நன்றாகக் காய்ந்த பழைய எண்ணெய்ப் பெயின்ட் அவ்வளவு சீக்கிரம் அசையாது. நான்காவது, புற ஊதா டார்ச் கிடைத்தால் வெள்ளைப் புள்ளிகள் மேல் அடியுங்கள். துத்தநாக வெள்ளை மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும், டைட்டானியம் வெள்ளை இருண்டு கிடக்கும். டைட்டானியம் வெள்ளை 1910-களின் பிற்பகுதியில்தான் விற்பனைக்கே வந்தது. இது ஒன்று மட்டும் தீர்ப்பு ஆகாது, மற்றவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எதைச் செய்தாலும் வண்ணத்தைச் சுரண்ட வேண்டாம், தூள் கிளப்ப வேண்டாம். காரணத்தை அடுத்த பதிவில் சொல்கிறேன்.

#9 தூரிகை

காரணம் ஈயம். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்டிலும் மேசை நாற்காலிகளிலும் ஈயப் பெயின்டுக்குத் தடை வந்தது 1978-ல். அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்பு என்றால் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். கடையில் சோதனைக் குச்சி கிடைக்கும். ஈயம் பட்டால் இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ மாறும் வகை என்றால் உங்கள் சிவப்புப் பூவின் மேல் தேய்க்காதீர்கள். பூவின் நிறமே குச்சியில் ஏறி ஏமாற்றும். பச்சையில் பாருங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் பெட்டியை இப்போதே தனி அறைக்கு மாற்றுங்கள்.

#10 பரண்வாசி

தூரிகை அக்கா, சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். இரண்டு நாள் ஆயிற்று. ஈயக் குச்சி பச்சையில் அரை நிமிடத்தில் ரோஜா நிறமானது. பெட்டியை கராஜுக்கு மாற்றிப் போர்வை போட்டு மூடிவிட்டேன், கை கழுவாமல் யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இடது கீலைக் கழற்றினேன். திருகாணிப் பள்ளம் முழுக்கப் பச்சை அடைத்திருந்ததால் முதலில் பிடிப்பே கிடைக்கவில்லை, ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த துகளை ஈரத்தாளில் ஒற்றிப் பொட்டலம் கட்டிவிட்டேன். கீலைத் தூக்கியதும் அடியில் ஒரு நீள்சதுரம்: பச்சையே இல்லை. தேன் நிறத்தில் வால்நட் மரம், மேலே பளபளப்பு கூடப் போகாமல். 1947-ல் கம்பெனியிலிருந்து வந்தபோது பெட்டி முழுதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூடியில் டார்ச்சைச் சாய்த்தால் வளையம் ஒன்று தெரிகிறது. சூடான பாத்திரமோ பூந்தொட்டியோ வைத்த தடம். பச்சை அதன் மேல் ஓடுகிறது. நகக்கீறல் மாதிரி நாலைந்து கோடுகளுக்குள்ளும் பச்சை இறங்கியிருக்கிறது. ஸ்பிரிட்டுக்குப் பெயின்ட் அசையவில்லை, பஞ்சில் அழுக்கு மட்டும்தான். புற ஊதாவில் வெள்ளைப் புள்ளிகள் கறுப்பாகத் தெரிந்தன.

#11 தூரிகை

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். கோவையாகச் சொன்னால் இப்படி வரும்: 1947-ல் வால்நட் மேல்பூச்சோடு பெட்டி வந்தது. சில வருடம் அப்படியே புழங்கியது, மேலே கறையும் கீறலும் விழுந்தன. பிறகு கீல் பூட்டைக் கழற்றாமலேயே எண்ணெய்ப் பெயின்டில் ஒருவர் வரைந்தார். ஈயம் இருப்பதால் 1978-க்கு முன் என்று வலுவாக நம்பலாம். 1950-கள் அல்லது 60-கள் என்பது என் கணிப்பு.

#12 புதுவரவு

இதயம், பறவை, பூ என்றால் பீட்டர் ஹண்ட் வேலையாக இருக்க வாய்ப்பு உண்டா? பழைய சாமான்களில் இப்படி வரைந்தவர் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் விலை ஏறுமே.

#13 தூரிகை

நல்ல கேள்வி. பீட்டர் ஹண்ட் மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுனில் கடை வைத்து, பழைய சாமான்களுக்கு ஐரோப்பிய நாட்டுப்புறப் பாணியில் வண்ணம் தீட்டியவர். 1930-களும் 40-களும் அவருடைய உச்சகாலம், 1967-ல் இறந்தார். அவருடைய தூரிகையில் ஒரு துள்ளல் இருக்கும், காற்புள்ளி மாதிரி ஒரே இழுப்பில் போட்ட இலைகள் இருக்கும். பரண்வாசியின் பெட்டியில் இலைகளை விளிம்பு கட்டி, உள்ளே நிரப்பியிருக்கிறார்கள். பறவையின் கழுத்தில் பென்சில் கோடு இன்னும் தெரிகிறது பாருங்கள். அளவெடுத்து, படியெடுத்து, பயந்து பயந்து வரைந்த கை. எனக்கு அந்தப் பயம் பிடித்திருக்கிறது, ஆனால் அது ஹண்ட் இல்லை. கையொப்பமோ கைமாறி வந்த வரலாறோ இல்லாமல் ஒரு பெயரை ஒட்டக் கூடாது. "ஹண்ட் பாணி" என்று விளம்பரத்தில் போடுவதும் வேண்டாம், தேடுபவரைத் தவறாக இழுத்து வருவது அது.

#14 சாவிக்கொத்து

விலைக்குப் போவதற்கு முன் நான் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். நாலு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு, பூட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பதறிப்போய் எழுதுகிறேன்.

1912 முதல் 1987 வரை செய்த லேன் பெட்டிகளின் பூட்டு, மூடியைச் சாத்தினாலே தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து திறக்க வழி கிடையாது. காற்றுப் புகாமல் இருப்பதுதான் இந்தப் பெட்டிகளின் பெருமையாகவே விளம்பரம் செய்யப்பட்டது. கண்ணாமூச்சி ஆடி உள்ளே போய் ஒளிந்த குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். 1996-ல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏறக்குறைய 1.2 கோடி பெட்டிகளுக்குப் பூட்டு மாற்றும்படி அறிவிப்புக் கொடுத்தது. அதற்குப் பல வருடம் கழித்தும் சாவுகள் நடந்தன, ஏனென்றால் பெட்டி கைமாறிக் கைமாறிப் போகும்போது அறிவிப்பு கூடவே போவதில்லை.

திருத்தாத பூட்டோடு விற்பது சட்டப்படியும் தவறு. திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த பொருளை அப்படியே விற்கக் கூடாது என்று 2008-ல் வந்த சட்டம் சொல்கிறது. பழைய சாமான் விற்பவருக்கும் அது பொருந்தும். நீங்கள் செய்ய வேண்டியது எளிது: மூடியின் உள்பக்கம் இருக்கும் கொக்கித் தகட்டையும் பூட்டையும் திருகாணி கழற்றி எடுத்துவிடுங்கள். முகப்புப் பொத்தானை அழகுக்கு விட்டு வைக்கலாம், ஆனால் மூடி பிடித்துக்கொள்ளக் கூடாது. எடுத்த பிறகு மூடியைப் பத்து முறை சாத்தி, ஒரு விரலால் தூக்கிப் பாருங்கள்.

#15 பரண்வாசி

இதைப் படித்த உடனே எழுந்து போய்க் கழற்றிவிட்டேன். என் பெண்ணுக்கு ஐந்து வயது. வாங்கி வந்த அன்று அவள் உள்ளே உட்கார்ந்து விளையாடினாள், நான் படம் எடுத்தேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

#16 வார்னிஷ்காரர்

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். 1838-ம் இல்லை, பெரிய ஓவியரும் இல்லை, ஈயம் வேறு. பெயின்டை முழுக்க உரித்து வால்நட்டை வெளியே கொண்டு வந்தால் சுத்தமான 1947 பெட்டி. வாங்குபவருக்குப் பயமும் இல்லை. உரிக்கும் பசை தடவினால் இரண்டு நாள் வேலை.

#17 மரத்தூள்

வார்னிஷ்காரரே, ஈயத்தைப் பற்றிய கவலை நியாயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வால்நட் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு. எண்ணெய்ப் பெயின்ட் மரத்தின் நுண்துளைகளில் இறங்கியிருக்கும், உரித்த பிறகும் பச்சைப் புள்ளிகள் நிற்கும். அதைப் போக்கத் தேய்த்தால் வெனீர் கிழியும், ஈயத்தூள் காற்றில் ஏறும். ஹீட் கன் பிடித்தால் ஈயப்புகை. இத்தனையும் தாண்டி உரித்து முடித்தால் கையில் இருப்பது இன்னொரு வால்நட் லேன் பெட்டி. அந்தக் கம்பெனி கோடிக்கும் மேல் செய்து தள்ளியது, எந்த வாரச் சந்தையிலும் ஒன்று நிற்கும். பூவும் பறவையும் போட்ட இந்தப் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது.

உரியும் இடங்களை மட்டும் நிலைநிறுத்தி, முழுவதற்கும் தெளிந்த மெழுகு ஒரு பூச்சு கொடுத்தால் போதும். விற்கும்போது ஈயம் இருப்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். குழந்தைகள் அறைக்கு என்று கேட்பவருக்கு விற்காதீர்கள்.

உள்பக்கத்துக்கு எதுவும் பூசக் கூடாது, இதில் மாற்றுக் கருத்தே இல்லை. செடார் எண்ணெய் கசிந்து வார்னிஷைப் பிசுபிசுப்பாக்கும், துணியில் ஒட்டும். வாசனை குறைந்த இடத்தில் 220 உப்புத்தாளால் மரத்தின் போக்கிலேயே இரண்டு இழுப்பு இழுத்தால் எண்ணெய் மறுபடி மேலே வரும். உள்ளே பெயின்ட் இல்லாததால் அங்கு மட்டும் உப்புத்தாள் தொடலாம். அந்துப்பூச்சியை முழுக்கத் தடுக்கும் என்று மட்டும் விளம்பரத்தில் எழுதாதீர்கள். சின்னப் புழுக்களை அந்த ஆவி கொல்லும், வளர்ந்த புழுவிடமும் முட்டையிடமும் பெரிதாகப் பலிக்காது.

#18 வார்னிஷ்காரர்

ஒட்டுப்பலகை மேல் அவ்வளவு மெல்லிய வெனீர் என்பதை நான் யோசிக்கவில்லை. உரிக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

#19 சந்தைக்கூடை

சரி, விலை. இப்போதுதான் பேசுவதற்கு ஏதோ கையில் இருக்கிறது.

பரண்வாசி பார்த்த ஆயிரக்கணக்கான டாலர் எல்லாம் உண்மையான 18, 19-ஆம் நூற்றாண்டுப் பெட்டிகளுக்கு, பெரிய ஏலக்கூடங்களில் கிடைத்தவை. அதை மறந்துவிடுங்கள். அடுத்த தவறு, இணையத்தில் மற்றவர்கள் "கேட்கும்" விலையைப் பார்ப்பது. கேட்பதற்குக் காசு வேண்டாம். 900 டாலர் போட்டு ஒன்றரை வருடமாக அப்படியே நிற்கும் லேன் பெட்டியை நான் தினமும் பார்க்கிறேன். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது, அதை அழுத்திப் பாருங்கள். நேரில் எடுத்துச் செல்லும் விற்பனையா, அனுப்பி வைத்ததா என்றும் பிரித்துப் பாருங்கள். இவ்வளவு கனமான சாமானை அனுப்பும் செலவு சில சமயம் பெட்டியின் விலையையே தாண்டிவிடும்.

நான் விற்ற அனுபவத்தைச் சொல்கிறேன். சாதாரண வால்நட் லேன், நல்ல நிலையில், 120 முதல் 200 டாலருக்குள்தான் போகிறது. கரும்பழுப்பு மரச் சாமான்களுக்கு இருபது வருடமாகவே மவுசு குறைந்துவிட்டது. வண்ணப் பெட்டிக்கு வேறு கூட்டம் வரும்: கிராமிய அலங்காரம் தேடுபவர்கள். அவர்களுக்கு 1947-ஆ 1838-ஆ என்பதைவிட முகப்பு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். கையால் வரைந்தது என்பதற்காகக் கொஞ்சம் ஏற்றலாம், ஈயத்துக்கும் உரிந்த இடங்களுக்கும் கொஞ்சம் இறக்க வேண்டும். 275 என்று போட்டு, 220 வரை இறங்கத் தயாராக இருங்கள். கடைக்காரரிடம் கொண்டு போனால் அதில் பாதிக்கும் கீழேதான் கேட்பார். அவருக்கு வாடகையும் நிற்கும் காலமும் இருக்கிறது, அதில் தவறில்லை.

மதிப்பீட்டாளரிடம் காட்டலாமா என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். இந்த விலைக்கு அவர் கட்டணமே கட்டுப்படியாகாது. வேறு சாமானுக்கு என்றைக்காவது போக நேர்ந்தால், மதிப்புச் சொல்லிவிட்டு "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்பவரிடம் மட்டும் விற்காதீர்கள்.

முக்கியமாக ஒன்று. 1838 என்ற எண் தெரிகிற படத்தின் கீழேயே "இந்த ஆண்டு அலங்காரத்துக்காக எழுதியது, பெட்டி 1947" என்று போடுங்கள். எங்கோ கடைசி வரியில் போட வேண்டாம்.

#20 பரண்வாசி

இன்று உள்பக்கத்தைத் துடைக்கும்போது பக்கவாட்டில் இருக்கும் சின்னத் தட்டை முழுதாக வெளியே எடுத்தேன். அதன் அடியில் பென்சிலில் இரண்டு முதலெழுத்துகள், அப்புறம் "1953 பிப்ரவரி". எழுத்து சாய்ந்து, அழுத்தமில்லாமல் இருக்கிறது. தூரிகை அக்கா 1950-கள் என்றது அப்படியே சரி.

எஸ்டேட் சேல் நடத்தியவர் மூலமாக அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குப் பெட்டி திரும்ப வேண்டும் என்றால் வாங்கிய விலைக்கே தருகிறேன் என்றும் எழுதினேன்.

#21 தூரிகை

அந்தக் கடைசி வரி எழுதியதற்கு உங்களுக்கு என் வணக்கம். பதில் வந்தால் அவசியம் சொல்லுங்கள்.

#22 பரண்வாசி

பதில் வர மூன்று வாரம் ஆனது. முதலெழுத்துகள் அந்த வீட்டுப் பாட்டியுடையவை. மாலை நேர ஓவிய வகுப்புக்குப் போய் வந்தாராம். 1838 அவருடைய பிறந்த வீட்டுக் களஞ்சியத்தின் கல்லில் செதுக்கியிருந்த ஆண்டாம். பெட்டியை வைக்க அவர்கள் யாரிடமும் இடமில்லை, நல்ல வீட்டுக்குப் போனால் போதும் என்றார்கள். கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் நகல்: கட்டிலின் கால்மாட்டில் இந்தப் பெட்டி, மேலே மடித்து வைத்த போர்வைகள்.

விளம்பரத்தை மாற்றி எழுதினேன். 1947 லேன், 1953-ல் வீட்டில் தீட்டியது, 1838 ஏன் வந்தது, பூட்டு எடுத்தாயிற்று, பெயின்டில் ஈயம் உண்டு, எங்கெங்கே உரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் மேலேயே போட்டேன். குடும்பத்தின் அனுமதியோடு அந்தப் படத்தையும் பெயர் இல்லாமல் சேர்த்தேன். 275.

#23 சந்தைக்கூடை

விளம்பரத்தைப் படித்தேன். ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை. 250-க்குக் கீழே இறங்காதீர்கள், நான் சொன்ன 220-ஐ மறந்துவிடுங்கள்.

#24 பரண்வாசி

நேற்று விற்றுவிட்டது, 260. வயதான தம்பதி, சின்னக் குழந்தைகள் இல்லாத வீடு. துணி வைப்பதானால் மரத்தின் மேல் நேராக வைக்காமல் அமிலமில்லாத தாள் விரித்து வைக்கச் சொன்னேன். அந்த அம்மா விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்தார், பிறகு தட்டை எடுத்துத் திருப்பிப் பென்சில் எழுத்தை விரலால் தொடாமல் படித்தார். படத்தின் நகலை உறையில் போட்டு அந்தத் தட்டுக்குள்ளேயே வைத்து அனுப்பினேன். கழற்றிய பூட்டு மட்டும் இன்னும் என் மேசையில் இருக்கிறது. சாவிக்கொத்து, அதை மறுபடி யாரும் மாட்ட முடியாதபடி உடைத்துத்தானே போட வேண்டும்?

#25 சாவிக்கொத்து

ஆமாம். நாக்கை இடுக்கியால் வளைத்து முறித்துவிட்டு, பழைய இரும்போடு போடுங்கள்.